நோயாளியிடமிருந்து எடுத்த டெங்கு வைரஸ் மெதுவாக வளர்கிறது, என்ன செய்யலாம்?

ஆய்வு மாணவி:
வணக்கம். காய்ச்சல் நோயாளிகளின் சீரத்திலிருந்து (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்து வருகிறேன். ஆர்டி-பிசிஆரில் (வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டறியும் சோதனை) டெங்கு-2க்கு உரிய 119 பேஸ் (மரபணு எழுத்து) நீளப் பட்டை தெளிவாக விழுகிறது. ஆனால் சி6/36 கொசு செல்லில் ஏற்றினால் ஒரு வாரமாகியும் செல்கள் அப்படியே இருக்கின்றன. வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லில் பிளாக் (வைரஸ் செல்களை அழித்த வெற்று வட்டம்) வருகிறது, குண்டூசி முனை அளவுதான். எங்களிடம் உள்ள பழைய ஆய்வக ரகமோ பெரிய பெரிய வட்டமாகப் போடுகிறது. வீரோவிலேயே பத்து பாசேஜ் (புதுச் செல்லுக்கு மாற்றி மாற்றி வளர்ப்பது) ஓட்டி வளர்ச்சியைக் கூட்டிவிட்டு, அப்புறம் வளர்ச்சி வரைபடமும் ஜீன் வரிசையும் எடுக்கலாமா?

பழைய கை:
வேண்டாம்மா. மெதுவாக வளர்வது அந்த வைரஸின் இயல்பாகவே இருக்கலாம். அதைத்தானே அளக்க வந்தீர்கள்? வீரோவில் ஓட்ட ஓட்ட, வைரஸின் வெளியுறையான ஈ புரதத்தில் நேர்மின்னூட்டம் கூடிய வைரஸ்கள் மேலேறிவிடும். செல் மேலுள்ள ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் அவை நன்றாக ஒட்டும். கடைசியில் கையில் இருப்பது வீரோவுக்குப் பழகிய வைரஸ். நோயாளியின் வைரஸ் போய்விடும். பார்க்கவே வருத்தமான விஷயம் அது.

சி6/36 செல் சிதையாததற்குக் கவலைப்படாதீர்கள். நோயாளி வைரஸ்கள் பல சமயம் அங்கே சத்தமில்லாமல் பெருகும். மேல்திரவத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து ஆர்டி-பிசிஆர் செய்யுங்கள். சிடி மதிப்பு (வைரஸ் கூடக் கூடக் குறையும் எண்) இறங்கிக்கொண்டே வந்தால் வளர்கிறது என்று பொருள். ஈ புரதத்தில் ஒட்டும் 4ஜி2 ஆன்டிபாடியோடு பச்சைச் சாயம் சேர்த்துப் பார்த்தால், உட்கருவைச் சுற்றி பச்சை ஒளிரும், உட்கரு மட்டும் இருட்டாக நிற்கும். அந்தக் காட்சி வந்தால் சந்தேகமே வேண்டாம். இன்குபேட்டர் 28 டிகிரிதானே?

வீரோ தட்டில் அவசரப்படாமல் செல்லுலோஸ் மேலடுக்கை 7 நாள் வரை விடுங்கள். கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டுக் கழுவியதும் வெள்ளை விளக்கின் மேல் வைத்து, சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தப்பிவிடும் மங்கலான புள்ளிகள் அப்போது தெரியும்.

முக்கியமானதைச் சொல்லவில்லையே: காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம்?

வரிசை வாசகன்:
அக்கா சொன்னது சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான்: வரிசையை முதலில் சீரத்திலிருந்தே நேரடியாக எடுத்துவிடுங்கள். முழு ஜீனோம் சுமார் 10,700 பேஸ். முடியாவிட்டால் ஈ ஜீனின் 1,485 பேஸாவது. செல்லில் வளர்ந்த பிறகு அதையே மறுபடி எடுத்து ஒப்பிட்டால், எது நோயாளியிடம் இருந்தது, எது பாசேஜில் வந்தது என்று பிரித்துவிடலாம். வளர்ச்சி வரைபடத்துக்கு பிளாக் எண்ணிக்கையை வைத்து ஒரே அளவு ஏற்றுங்கள். ஆர்என்ஏ பிரதிகளை வைத்து ஏற்றாதீர்கள். தொற்றும் வைரஸைவிட அவை நூறு மடங்குக்கு மேலும் இருக்கும். ஒப்பிடும் வைரஸ்களின் பாசேஜ் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. பாதிக்கு மேல் 6ஆம், 7ஆம் நாள் ரத்தம். இன்னொரு சந்தேகம்: செல்லில் மெதுவாக வளர்ந்தால் நோயும் லேசு என்று எழுதலாமா?

பழைய கை:
எழுதாதீர்கள். முன்பு வேறு வகை டெங்கு வந்திருந்தால், பழைய ஆன்டிபாடியே வைரஸை வெள்ளணுவுக்குள் அழைத்துப்போகும். வீரோ தட்டில் அந்த ஆன்டிபாடியும் இல்லை, அந்த வெள்ளணுவும் இல்லை. இனி 5ஆம் நாளுக்குள் ரத்தம் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஆன்டிபாடி வைரஸைக் கட்டிவிடுகிறது, பிசிஆர் மட்டும் பாசிட்டிவ் காட்டும். ஒவ்வொரு குழாயிலும் காய்ச்சல் நாளை எழுதி, அதே சீரத்தில் ஐஜிஜியும் (முன்பு டெங்கு வந்ததா என்று காட்டும் ஆன்டிபாடி) பார்த்துவிடுங்கள்.