தீபாவளி வீட்டுவேலை: நாமே செய்வதா, ஆள் பிடிப்பதா?

சிப்புட்வாசி
மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பலர் தோட்டத்திலிருந்து வெளியேறி, சேர்த்த காசில் மலிவு விலை வீடு வாங்கியவர்கள். தீபாவளி நெருங்கினால் ஒரே ஒரு அறைக்குச் சாயம் அடிக்கக்கூட ஆள் தேடுகிறோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் ஒழுகிய தகரத்தை மாற்றியதும் நம் தாத்தாக்கள்தானே? சாயம், டைல்ஸ், கூரை, வயர் எல்லாமே கற்றுக்கொண்டு செய்யலாம் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

பழைய வயர்மேன்
தம்பி, சாயத்தையும் வயரையும் ஒரே வரியில் வைக்காதீர்கள். சாயம் தப்பினால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். உடனடியாகச் சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் மூன்று கால் பிளக் 13 ஆம்பியருக்குத்தான். பக்கத்து பிளக் பாயின்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கழற்றிப் பார்த்தால் பிளக்கின் ஓரம் பழுப்பேறி உருகியிருக்கும், கெட்ட மீன் மாதிரி வாடை அடிக்கும். ஹீட்டருக்குத் தனி லைன், தனி சுவிட்சு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சு வேண்டும். அதை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

சிப்புட்வாசி
அண்ணே, சின்ன வேலைக்கு வயர்மேன் வருவதில்லையே. வந்து பார்ப்பதற்கே தனிக் காசு கேட்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய வயர்மேன்
நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுங்கள், அந்தக் காசு பிரிந்துவிடும். பல்பு மாற்றுங்கள், பிளக்குக்குள் பியூஸ் மாற்றுங்கள், மாதம் ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் அந்தச் சுவிட்சு கீழே விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். இதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம்.

மேஸ்திரி மகள்
சாயம் தப்பினால் மறுபடி அடிக்கலாம் என்று அண்ணன் லேசாகச் சொல்லிவிட்டார். நம் பக்கம் காசு அதிகம் பாழாவது அதில்தான். தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். பேராக்கில் சாயங்காலமானால் மழை கொட்டுகிற நேரம் அது. ஈரச் சுவரில் சாயம் அடித்து, பொங்கலுக்குள் அது கொப்புளித்து உரிகிறது. உடனே சாயக் கம்பெனியைத் திட்டுகிறோம்.

அடிப்பதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து விசிறி போட்டாலே பெரும்பகுதி சரியாகும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண் உயர்ந்திருக்கும், இல்லையென்றால் கால்வாய் அடைத்திருக்கும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நாலு வாரமாவது காயட்டும்.

ஹார்ட்வேர் கடைக்காரர்
தங்கச்சி, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யார் மண்ணைத் தோண்டிக்கொண்டு இருப்பது? ஈரத்தைத் தடுக்கும் சீலர் இருக்கிறது. அடித்துவிட்டு மேலே சாயம் போட்டால் போதும். வாங்கியவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

மேஸ்திரி மகள்
இரண்டாவது தடவை வேறு கடைக்குப் போகிறார்கள், அண்ணே. கீழிருந்து ஏறுகிற ஈரத்தைச் சீலர் நிறுத்தாது. முழங்கால் உயரம் வரை அடித்தால், ஈரம் அதற்கும் மேலே ஏறி இடுப்பு உயரத்தில் வெளியே வரும். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். சுவர் காய்ந்த பிறகு சீலர் அடித்தால் அதற்குப் பலன் உண்டு. நேரமில்லையென்றால் இந்த வருசம் அந்த ஒரு சுவரை விட்டுவிடுங்கள். விருந்தாளி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பூஞ்சணத்துக்குக் குளோராக்ஸ் (பிளீச்) போடும்போது டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கூடச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய குளியலறையில் மூச்சுத் திணறும்.

லயத்துப்பிள்ளை
கூரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய வீடுகள் பலவற்றில் அடுப்படிக்கு மேலே இருப்பது தகரம் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ். பாசி பிடித்திருக்கிறது என்று வாட்டர் ஜெட் அடிக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்த நார்த்தூசு நுரையீரலில் தங்கிவிடும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பழைய தகடு காலை வைத்தால் உடையவும் செய்யும். தகரக் கூரை என்றால் தாத்தா செய்ததை நாமும் செய்யலாம். ஸ்குருவை மட்டும் ரப்பர் வாஷரோடு மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்ட கதை.

ஹார்ட்வேர் கடைக்காரர்
சரி, பிளாஸ்டிக் சோதனையை வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஆனால் சீலரே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிப்புட்வாசி
சாயமும் டைல்ஸும் நம் கைவேலைதான், அதில் நான் மாறவில்லை. ஹீட்டருக்கு எங்கள் வரிசையில் ஐந்து வீடு சேர்த்துவிட்டேன். வயர்மேன் அண்ணே, எந்தச் சனிக்கிழமை வசதி?