அம்பிளாந்துறைக்கு எந்த மேப்?

குழு: வளவுக் குடும்பம்
ஞாயிறு இரவு

கொழும்பு அண்ணன்: வந்து சேர்ந்துவிட்டோம். மாமி, இன்றைக்கு உங்களை அந்த வெயிலில் நிற்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். போன் மேப்பை நம்பித்தான் வேனை விட்டேன்.

கல்லடி மாமி: அதற்கென்ன மகன். சாப்பாட்டுக்காவது வந்து சேர்ந்தோமே.

அம்பிளாந்துறை அண்ணன்: புது வீட்டில் பால் பொங்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் மாமி. சுபநேரம் போய்விடும் என்று ஐயர் சொன்னபடியால் தொடங்கிவிட்டோம். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆரையம்பதிச் சித்தப்பா: ஆரையம்பதி தாண்டும்போது எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம் தம்பி. மண்முனைச் சந்தியில் மேற்கே திரும்பினால் பாலம். 2014இல் திறந்த பாலம், வேன் சும்மா போகும். நீங்கள் நேரே குருக்கள்மடம் போய்த் துறையடியில் நின்றிருக்கிறீர்கள்.

கொழும்பு அண்ணன்: மேப்பில் மட்டக்களப்பு வாவிக்கு மேலே கோடு நேராகப் போனது அப்பா. பாலம் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் தண்ணீர். பாதை, அதுதான் வாவி கடக்கும் மிதவைப் படகு, அக்கரையில் நிற்கிறது, இந்த வேனை அதில் ஏற்றவும் முடியாது என்றார்கள்.

நான்: அண்ணா, அந்த இடத்தில் கோடு இருப்பது பிழையில்லை. சனம் அந்தப் பாதையில்தானே போய் வருகிறது. ஆனால் அது ரோட்டு இல்லை, தண்ணீரில் போகும் பாதை என்று மேப் காட்டியிருக்க வேண்டும். ஓர்கானிக் மேப்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் படகுப் போக்குவரத்தைத் தவிர்க்கச் சொல்லி ஒரு தெரிவு உண்டு. அதை அழுத்தினால் தரை வழியாக மட்டும் கொண்டுபோகும்.

கல்முனை மச்சாள்: இன்னொரு ஆப்பா? காசு கேட்குமா?

நான்: இல்லை மச்சாள். விளம்பரமும் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. இலங்கை மேப்பை வீட்டு வைஃபையில் ஒருதரம் இறக்கி வைத்தால் போதும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிக்னல் போனாலும் வழி காட்டும். ஜிபிஎஸ் என்பது செய்மதி அனுப்புவதைப் போன் வாங்கிக்கொள்வது மட்டும்தான், அதற்கு டேட்டா வேண்டாம். ஒஸ்மாண்ட் என்ற ஆப்பும் இப்படித்தான். ஆனால் அதில் தெரிவுகள் கூட, மாமிக்குக் குழப்பமாக இருக்கும்.

கொழும்பு அண்ணன்: கொழும்பில் டிராஃபிக் காட்டுமா?

நான்: காட்டாது. கடை எத்தனை மணிக்குப் பூட்டும், சாப்பாடு எப்படி என்று ஆட்கள் எழுதியதும் இருக்காது. காலையில் கொழும்பில் ஓடுவதற்குக் கூகிள் மேப்ஸ்தான் உங்களுக்கு உதவும். அதை நான் மறுக்கவில்லை. எல்லா இடத்துக்கும் அதையே திறந்து வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கல்முனை மச்சாள்: திறந்து வைத்தால்தான் என்ன? நாங்கள் வேலைக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், வீட்டுக்கு வருகிறோம். மறைக்க என்ன இருக்கிறது?

ஆரையம்பதிச் சித்தப்பா: மகள், உனக்கு அந்த யுத்த காலம் ஞாபகம் இருக்காது. எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, எப்போது திரும்புவாய் என்று சோதனைச் சாவடியில் நின்று சொல்லித்தான் நாங்கள் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போய் வந்தோம். நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிக்கும். கொப்பியில் எழுதியதை யார் பார்க்கிறார்கள், எத்தனை வருடம் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதே கொப்பியை இப்போது நானே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டுமா?

கல்முனை மச்சாள்: அப்படி நான் யோசிக்கவில்லை மாமா.

நான்: சித்தப்பா சொல்வது சரி. 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். போன இடங்களைப் பதியும் ‘லொக்கேஷன் ஹிஸ்ட்ரி’யை நிறுத்தி வைத்தாலும் ‘வெப் அண்ட் ஆப் அக்டிவிட்டி’ என்ற இன்னொரு அமைப்பு வழியாகக் கூகிள் இடத்தைப் பதிந்துகொண்டே இருந்தது. அந்த விசயத்தில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 391.5 மில்லியன் டொலர் கொடுக்கக் கூகிள் ஒத்துக்கொண்டது. 2024இல் போன இடங்களின் பட்டியலைப் போனுக்குள்ளேயே வைக்கும்படி மாற்றத் தொடங்கினார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனாலும் கூகிளை விடாதவர்கள் இன்றைக்கே கணக்குக்குள் போய் அந்த ‘வெப் அண்ட் ஆப் அக்டிவிட்டி’யை ஒருதரம் பாருங்கள்.

கொழும்பு அண்ணன்: அந்த ஓர்கானிக்கைப் போட்டால் ஒருவருக்கும் தெரியாதா?

நான்: அப்படியும் இல்லை அண்ணா. சிம் போட்ட போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்று போன் கம்பனிக்குத் தெரியும். எந்த ஆப்பும் அதை மறைக்காது. ஆனால் அந்தத் துறையடியில் நின்றது, மறுகா எந்த ஒழுங்கைக்குள் திரும்பியது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று இன்னொரு ஆள் பட்டியல் போடுவது நிற்கும்.

கல்லடி மாமி: மகள், முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம் என்று ஒருநாள் போனில் தேடினேன். மறுகா எதைத் திறந்தாலும் முழங்கால் தைலம், முழங்கால் பட்டி. என் நோவு யாருக்கெல்லாம் தெரியும் என்று பயமாக இருந்தது. அதற்கும் ஏதாவது இருக்கிறதா?

நான்: இருக்கிறது மாமி. டக்டக்கோ என்ற தேடுதளம். 2008இல் தொடங்கினது. அதிலும் விளம்பரம் வரும், ஆனால் அந்த நேரம் நீங்கள் தேடிய சொல்லுக்கு மட்டும். நேற்றுத் தேடியதை வைத்து இன்றைக்குத் துரத்தாது. பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட்டின் பிங்கிலிருந்துதான் விடைகளை எடுக்கிறது. அதனால் தமிழில் தேடினால் சில நேரம் குறைவாகத்தான் வரும். அப்படியான நேரத்தில் ஸ்டார்ட்பேஜில் போடுங்கள். அது நெதர்லாந்திலிருந்து நடக்கும் தேடுதளம். நீங்கள் யார் என்று சொல்லாமல் கூகிளிடம் கேட்டு விடையை வாங்கித் தரும். நான் பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கு பிரேவ் சேர்ச்சும் பார்ப்பேன். அது 2021இல் வந்தது, தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருக்கிறது.

கல்லடி மாமி: மூன்று வேண்டாம். ஒன்றைப் போட்டுத் தா.

நான்: சரி மாமி, டக்டக்கோ. நாளைக்குப் பின்னேரம் வருகிறேன்.

ஆரையம்பதிச் சித்தப்பா: அது சரி. எந்த மேப்பைப் போட்டாலும் எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் அதில் இல்லாவிட்டால் என்ன செய்வது? மண்முனையால் போய்க் கொக்கட்டிச்சோலை தாண்டினால் பாதி வழி பெயரே இல்லாமல் கிடக்கிறது.

நான்: அதற்குத்தான் நீங்கள் வேண்டும் சித்தப்பா! ஓர்கானிக்கும் ஒஸ்மாண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்துதான் எடுக்கின்றன. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய பொது வரைபடம் அது. ஒரு இலவசக் கணக்குத் திறந்தால் யாரும் திருத்தலாம். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும் தனித்தனியாகப் போட இடம் இருக்கிறது. திருத்தியது அந்தத் தளத்தில் கொஞ்ச நேரத்தில் தெரியும், ஆப்பில் அடுத்த தடவை மேப்பைப் புதுப்பிக்கும்போது வரும்.

ஆரையம்பதிச் சித்தப்பா: எனக்குத் தட்டச்சு வராது. கொப்பியில் கீறித் தருகிறேன்.

நான்: அது போதும். ஒன்று மட்டும், கூகிள் மேப்பைப் பார்த்துக் கொப்பி அடிக்கக் கூடாது, அது அங்கே விதி. நடந்து தெரிந்த வழியை எழுதுங்கள். மழைக்கு வெள்ளம் ஏறும் இடம், வேன் திரும்ப முடியாத முடுக்கு, எல்லாம்.

அம்பிளாந்துறை அண்ணன்: என் வீட்டையும் பெயரோடு போட்டுவிடு தங்கச்சி. அடுத்த முறை ஒருவரும் தவறக் கூடாது.

நான்: வேண்டாம் அண்ணா. அது உலகத்துக்கே தெரியும் மேப். இன்னார் இந்த வீட்டில் இருக்கிறார் என்று அதில் எழுதுவதில்லை. ஒழுங்கையைப் போடுவோம். உங்கள் வீட்டுக்கு அவரவர் போனில் ஒரு குறி வைத்துக்கொண்டால் போதும். அது அவரவரோடு இருக்கும்.

அம்பிளாந்துறை அண்ணன்: ஓம், அதுவும் சரிதான்.

ஆரையம்பதிச் சித்தப்பா: [படம்] [படம்] துறையடியிலிருந்து புது வீடு வரை. சந்திகளுக்கு ஊரில் சொல்லும் பெயரை எழுதியிருக்கிறேன்.

நான்: இவ்வளவு கெதியாகவா! மூன்றாவது சந்தியில் எழுதியிருப்பது ‘ஆலடி’யா, ‘அலையடி’யா?

ஆரையம்பதிச் சித்தப்பா: ஆலடி. பழைய ஆலமரம் நிற்கிறது. நாங்கள் சின்னப் பிள்ளையில் அதற்குக் கீழே நின்றுதான் பாதை வருகிறதா என்று பார்ப்போம்.

கல்லடி மாமி: தம்பி, அந்த மரம் இன்னும் நிற்கிறதா? மகள், மரத்தைப் போடலாமா அதில்?

நான்: போடலாம் மாமி. மரத்துக்கும் அதில் குறி இருக்கிறது. இப்போதே போடுகிறேன்.