பழைய டிரைவர் காம்பு: ‘அடி’ எது, ‘நுனி’ எது?

நண்பர்களே, வணக்கம்.

கோல்ஃப் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில், மட்டையின் தலையையும் பிடியையும் இணைக்கிற நீண்ட ‘ஷாஃப்ட்’டுக்குத் ‘தண்டு’, அதன் கைப்பக்க முனைக்கு ‘அடி’, தலைப்பக்க முனைக்கு ‘நுனி’ என்று போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் தலையாட்டினேன். இப்போது பின்வாங்குகிறேன். காரணம் என் மைத்துனர்.

என் பழைய டிரைவரின் (பந்தை வெகுதூரம் அடிக்கிற நீள மட்டை) தலையில் விரிசல் விட்டுவிட்டது. கார்பன் இழை ஷாஃப்ட் மட்டும் நன்றாக இருக்கிறது, தூக்கிப் போட மனமில்லை. வீட்டில் சும்மா கிடந்த மூன்றாம் எண் ஃபேர்வே உட் (டிரைவரைவிடச் சற்றுக் குட்டையான மட்டை) தலையில் அதைப் பொருத்தலாம் என்று சூடுகாட்டிப் பசையை இளக்கி, முறுக்காமல் நேராக இழுத்துக் கழற்றினேன் (முறுக்கினால் இழை பிளந்துவிடும்). மீதி வேலையை நம் சொற்களிலேயே எழுதிப் பார்த்தேன். அதில் ஒரு வரி: ‘அடியில் ஒன்றரை அங்குலம் வெட்டு’. கோல்ஃப் தெரியாத மைத்துனரிடம் ஷாஃப்டையும் சாக்குக்கட்டியையும் கொடுத்தேன். அவர் அதை மட்டை நிற்கிற மாதிரி தரையில் ஊன்றி, குனிந்து, கீழே இருந்த மெல்லிய முனையில் கோடு போட்டார். வெட்டியிருந்தால் ஷாஃப்ட் போயிருக்கும்.

அவர் மேல் தப்பில்லை. மரத்துக்கும் கரும்புக்கும் பருத்த பக்கம் அடி, அது கீழேதான் இருக்கும். கோல்ஃப் மட்டையோ தலைகீழாக நிற்கிற கரும்பு. பருத்த பக்கம் மேலே, கையில். ‘அடி’ என்றால் பருமனா, கீழ்ப்பக்கமா?

எந்த முனையில் வெட்டுகிறோம் என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது. கைப்பக்கம் வெட்டினால் நீளம் குறையும், விறைப்பு அவ்வளவாக மாறாது. தலைப்பக்கம் வெட்டினால் மெலிந்து வளைகிற பகுதி போய் விறைப்பு கூடும். டிரைவர் தலை சுமார் 200 கிராம், மூன்றாம் எண் தலை 210-க்கு மேல். கனம் கூடினால் அதே ஷாஃப்ட் இன்னும் தொய்வாக நடந்துகொள்ளும். அதை ஈடுகட்டத்தான் தலைப்பக்கம் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ முதலில் எடுப்பார்கள். அப்புறம் தலையைச் செருகி அளந்து, மட்டை 43 அங்குலத்துக்கு வரும்படி கைப்பக்கம் வெட்டுவார்கள். தலைப்பக்கம் அளவு மீறினால் இன்னொரு தொல்லை: 0.335 அங்குல விட்டம் கொஞ்ச தூரம்தான் சீராக ஓடும், அதற்கு மேல் பருக்கும், தலையின் துளைக்குள் நுழையாது.

ஆகவே ‘அடி’, ‘நுனி’ இரண்டுக்கும் பதில் என் பரிந்துரை: பிடிமுனை, தலைமுனை. வெட்டும் வேலைக்குப் பிடிமுனை நறுக்கு, தலைமுனை நறுக்கு. மட்டையை எப்படிச் சாய்த்தாலும் இவை இடம் மாறாது. இனி, குழுவில் நீங்கள் எழுதிய மற்றவற்றுக்கு என் பதில்.

> சரி, ஷாஃப்டுக்குத் ‘தண்டு’ என்பதிலாவது மாற்றமில்லையே?

இருக்கிறது, மன்னிக்க வேண்டும் ஐயா. தண்டு இயந்திரத்தில் சுழல்கிற உறுப்புக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது கழற்றி மாட்டுகிற காம்பு. மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் காம்பு போடுகிறோமே, அதே வேலை. வரலாறும் ஒத்துப்போகிறது. எஃகுக் காம்பை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-இலும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கழகத்தார் 1929-இலும் அனுமதிக்கும்வரை கோல்ஃப் மட்டைக்கு ஹிக்கரி மரம்தான். கோடாலிக்கும் சுத்தியலுக்கும் காம்பாவது அதே ஹிக்கரி. மாற்றிப் பொருத்துவதற்கு ‘மறுதண்டிடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், படித்ததும் நாக்கு சுளுக்கியது. ‘காம்பு மாற்றுதல்’ போதும்.

> ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்பு’ நினைவுக்கு வராதா?

வரட்டுமே. மட்டையை உடைத்துக்கொண்டவருக்கு அது பொருத்தம்தான்.

> காம்பும் தலையும் சேருமிடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்கு ‘இணைப்பு வளையம்’?

உலக்கைக்கும் கைத்தடிக்கும் இருக்கிற பூண் இருக்க, இது எதற்கு? பூண் என்றால் உலோகம்தானே என்பீர்கள். பிளாஸ்டிக் வாளி வந்தபோது நாம் வேறு பெயரா தேடினோம்?

> ஃபேர்வே உட் – புல்வெளி மரம்.

வேண்டவே வேண்டாம், தோட்டக்கலைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 1979-இல் உலோகத் தலை வந்த பிறகு அதில் மரம் இருப்பதே அரிது. டிரைவரையும் ஃபேர்வே உட்டையும் அப்படியே விடலாம். ‘ஓட்டுநர்’ என்று எழுதினால் மட்டைக்கு உரிமம் கேட்பார்கள்.

—

மறுமொழி:

அண்ணா, காம்பு, பூண் இரண்டுக்கும் என் ஒப்புதல். ஒரு சந்தேகம் மட்டும். கழற்றி வைத்த காம்பில் தலையும் இல்லை, பிடியும் இல்லை. அப்போது தலைமுனை எது என்று எப்படித் தெரியும்?

—

நல்ல கேள்வி தம்பி. நேற்று மைத்துனரிடம் புதுச் சொற்களில் செய்முறை எழுதிய தாளைக் கொடுத்தேன். காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பசை காய்ந்து ஒட்டியிருக்கிற பக்கம்தானே தலை?’ என்றார். பழைய காம்புக்கு அது போதும். புதியதில் பசை இருக்காது. அதனால் விளக்கத்தில் ‘மெலிந்தது தலைமுனை, பருத்தது பிடிமுனை’ என்று சேர்த்துவிடுகிறேன். பிடிமேல் போடும் ரப்பர் உறையைக் ‘கிரிப்’ என்றே விடுங்கள். கிரிக்கெட் மட்டைக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.