ஊட்டி இ-பாஸ்: கார் மாறிவிட்டது, சனிக்கிழமைக்கு இடமும் இல்லை. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையிலிருந்து அம்மா அப்பாவை ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கும் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். வரும் சனிக்கிழமைக்கு எங்கள் கார் நம்பரில் இ-பாஸ் எடுத்து வைத்திருந்தேன். நேற்று கிளட்ச் போய், கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. மச்சான் காரில்தான் போக வேண்டும். அதே பாஸைக் காட்டினால் விடுவார்களா? புதிதாக எடுக்கப் பார்த்தால் சனிக்கிழமைக்கு இடமில்லை என்று வருகிறது. இரண்டு பூங்காவுக்கும் தனித்தனிப் பாஸ் வேண்டுமா என்பதும் புரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டால் ரொம்பச் சிரமம்.

குன்னூர்வாசி:
அந்தப் பாஸ் செல்லாதுங்க. பாஸ் வண்டி நம்பருக்குத்தான், ஆளுக்கு இல்லை. செக்போஸ்ட்டில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் வண்டி நம்பர் வந்துவிடும். மச்சான் கார் நம்பரைப் போட்டுப் புதிதாக எடுத்துவிடுங்கள், கட்டணம் எதுவும் கிடையாது.

பூங்காவுக்கென்று தனிப் பாஸ் இல்லை. இது நீலகிரி மாவட்டத்துக்குள் வண்டி நுழைவதற்கானது. பூங்காக்களில் வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும்.

இடமில்லை என்று வருவதற்குக் காரணம் உச்சவரம்பு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அப்போது கேட்ட எல்லோருக்கும் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல்தான் சீசனுக்கு எண்ணிக்கை வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000. வார இறுதியில் எண்ணிக்கை கூடுதல்தான், ஆனால் வருகிற கூட்டம் அதைவிடப் பெரிது. முடிந்தால் வியாழன் அல்லது வெள்ளிக்கு மாற்றுங்கள். இங்கே குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரம்பு வேண்டும். மே மாதத்தில் ஆம்புலன்சே நகர முடியாமல் நின்ற சாலைகள் இவை.

வைகைக்கரை:
மச்சானுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காது. சனிக்கிழமையே வர வேறு வழி இருக்கிறதா?

மலைப்பாதை ஓட்டுநர்:
இருக்கு சார். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் வேண்டாம். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். மலை ரயில் டிக்கெட் சீசனில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம், அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். மேலே போனால் சீசனில் சுற்றுலா இடங்களுக்கு அரசின் சுற்றுப் பேருந்து ஓடும். பூங்கா பக்கம் பார்க்கிங் தேடி அலைகிற வேலையும் இல்லை.

காரில்தான் வருவீர்கள் என்றால் இன்னொரு விஷயம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் வைத்திருக்காதீர்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், வழியில் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது. சீசனில் ஒருவழிப் பாதையும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அதனால் சிம்ஸ் பூங்காவை ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.

குன்னூர்வாசி:
அம்மாவுக்காக ஒன்று. தாவரவியல் பூங்கா மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகும். மேல் தளங்கள் வேண்டாம். நுழைந்ததும் வருகிற பெரிய புல்வெளியும் கண்ணாடி மாளிகையும் போதும். கல்லாகிப்போன மரத்தண்டு ஒன்று அங்கே கிடக்கிறது, 2 கோடி ஆண்டு பழையது. அப்பாவுக்குக் காட்டுங்கள். சிம்ஸ் பூங்கா நேர்மாறு. வாசல் மேலே, பூங்கா பள்ளத்தில். இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். மேலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. கார் மேட்டுப்பாளையத்தோடு நிற்கட்டும், சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறோம். பஸ்ஸில் அம்மாவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தலைசுற்றல் குறையும்?

மலைப்பாதை ஓட்டுநர்:
பக்கம் முக்கியமில்லை சார், முன்னால் உட்கார வையுங்கள். கடைசி சீட் வேண்டவே வேண்டாம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.