ஆற்றைக் கடப்பதை விட கன்று ஈனுவதைப் பாருங்கள்: நிடுட்டு, பிப்ரவரி

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் ஒரு பெரிய மான் இனம்) கூட்டம் கடப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நானும் ஆகஸ்ட்டில் போய்ப் பார்த்தவன்தான், பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் தான்சானியாவுக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பிப்ரவரியில் செரெங்கெட்டி புல்வெளியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் நிடுட்டுவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கன்று ஈனுவது அங்கேதான்.

கண்ணுக்கு எட்டிய வரை குட்டைப் புல், அதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வில்டபீஸ்ட், இடையிடையே வரிக்குதிரை. எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது, அதனால் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு வேண்டியது அதுதானே. மழை நின்றதும் அந்தப் புல் காய்ந்துவிடும், அப்புறம் மே மாதவாக்கில் கூட்டம் மேற்கும் வடக்குமாக நகர ஆரம்பிக்கும்.

எங்கள் வண்டிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தாய் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துக் கன்று போட்டது. அந்தக் கன்று எழப் பார்த்து முன்கால் மடங்கி விழுந்து, திரும்ப எழுந்து விழுந்து, சில நிமிடங்களிலேயே நின்றுவிட்டது, நாங்கள் கிளம்பும்போது தாயின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது! கழுதைப்புலிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் பிறந்துவிடுவதால் அவற்றால் எல்லாவற்றையும் தின்று தீர்க்க முடிவதில்லை, காலம் தப்பிப் பிறக்கும் கன்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

என்னால் மறக்க முடியாதது வேறு. தாயைத் தொலைத்த கன்று ஒன்று கத்திக்கொண்டே வந்து எங்கள் ஜீப்பை ஒட்டி நடக்க ஆரம்பித்தது. நகர்கிற பெரிய உருவம் எதுவானாலும் பின்னால் போய்விடுமாம், சிங்கமாக இருந்தாலும்கூட. ஓட்டுநர் மெதுவாகக் கூட்டத்தின் ஓரம் வரை ஓட்டி இன்ஜினை அணைத்தார். கன்று உள்ளே போய் ஒவ்வொரு தாயாக முட்டிப் பார்த்தது, எல்லாமே தள்ளிவிட்டன, தன் கன்றைத் தவிர வேறெதற்கும் அவை பால் கொடுப்பதில்லை. அதன் தாய் கிடைத்ததா என்று தெரியுமுன் கூட்டம் அதை மறைத்துவிட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கூட்டம் எல்லாக் காலத்திலும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சம்தான். சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றிடமிருந்து வில்டபீஸ்ட்டுக்கும் தொற்றிய வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) ஒழித்த பிறகுதான் 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தைத் தொட்டது. காட்டு விலங்கைக் காப்பாற்றியது மாட்டு ஊசி!

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிடுட்டுவில் பாதையை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு என்பதால் சிலர் ஈனும் தாயின் அருகிலேயே போய் நிறுத்துகிறார்கள். தாய் மிரண்டு ஓடினால் கன்று தனித்துவிடும். தூரமாக நிறுத்தச் சொல்லுங்கள், பைனாகுலர் எடுத்துப் போங்கள்.