குருதி நெகிழோட்டவியல்: ரெய்க்யவிக் மாநாட்டுக் கட்டுரைக்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

1966 ஜூலையில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் கூடிய முதல் பன்னாட்டு 'ஹீமோரியாலஜி' (குருதி எப்படி உருத்திரிகிறது, எப்படி ஓடுகிறது என்று படிக்கும் துறை) மாநாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர், அந்தத் துறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தார். குருதியோட்டவியல், குருதிப் பாய்வியல், குருதி ஒழுகியல் என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. 'ஒலிபெயர்த்தே எழுதிவிடுங்கள், எதற்கு வம்பு' என்று ஒரு மடலும் வந்தது. எனக்கு இவற்றில் எதுவும் ஒத்துவரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் துறை எதைப் படிக்கிறது என்பதிலேயே நம் மடல் இழை சற்று வழி மாறிப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

குருதியோட்டவியலை முன்வைத்தவர் கிரேக்க வேரைக் காட்டினார். 'ரியோ' என்றால் ஓடுதல், ஆகவே ஓட்டவியல் என்றார். வேர் சரிதான். ஆனால் 1920களில் 'ரியாலஜி' என்ற பெயரை நிலைநாட்டிய அமெரிக்க வேதியியலர் யூஜின் பிங்கம் ஆராய்ந்தவை வண்ணப்பூச்சு, களிமண் குழம்பு போன்றவை. திடமா திரவமா என்று சட்டென்று சொல்ல முடியாத பொருள்கள் அவை. தள்ளுகிற விசையைப் பொறுத்துத் தங்கள் குணத்தையே மாற்றிக்கொள்ளும். ஒரு பொருள் எப்படி உருத்திரிகிறது, எப்படி ஓடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் பிங்கம் தொடங்கிவைத்த துறை.

ஆல்ஃபிரெட் காப்லி 1951இல் அதைக் குருதிக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் அவர். ஆல்காப்லி என்ற பெயரில் ஓவியராகவும் அறியப்பட்டவர். அவருடைய மனைவி நீனா டிரிக்வடோட்டிர் ஐஸ்லாந்தின் பெயர்பெற்ற ஓவியர். காப்லி இந்தத் துறைக்கு வகுத்த எல்லை அகலமானது. அணுக்கள், அவை மிதக்கும் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, இரண்டும் சேர்ந்த குருதி, அந்தக் குருதி உரசிக்கொண்டு போகும் குழாய்ச் சுவர் எல்லாமே அதற்குள் வரும்.

இதயம் எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது, எந்தக் குழாயில் எவ்வளவு குருதி போகிறது, எங்கே தடை அதிகம் என்று படிப்பது வேறொரு துறை. அதை 'ஹீமோடைனமிக்ஸ்' என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு மேலே திரையில் ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் அந்தத் துறைக்கு உரியவை. குருதியோட்டவியல் என்ற பெயர் அதற்கு அச்சாகப் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதை வைப்போம்? இரண்டு துறைகளும் ஒரே கட்டுரையில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒரே சொல் இரண்டையும் சுமக்காது.

வேறுபாடு எங்கே தெரிகிறது என்றால், குழாய் சிறுக்கும்போது தெரிகிறது. பாய்சொய் விதியை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் போகும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பாய்சொய் ஒரு மருத்துவர். குருதியோட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் அவர் கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்தார். பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தடிப்பு, மாறாத திரவத்துக்கு அவர் விதி கச்சிதமாகப் பொருந்தும். குருதியிடம் அது தடுமாறுகிறது. சுவீடனைச் சேர்ந்த ராபின் ஃபோரேயஸும் டோர்ஸ்டன் லிண்ட்குவிஸ்டும் 1931இல் காட்டியது இது: ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே குழாயின் விட்டம் குறையக் குறைய, குருதியின் தோற்றப் பாகுநிலையும் (அந்தக் குழாயில் அளந்தால் தெரியும் பாகுநிலை) குறைந்துகொண்டே வருகிறது. சிவப்பணுக்கள் குழாயின் நடுப்பக்கம் ஒதுங்கிக்கொள்கின்றன. சுவரை ஒட்டி வெறும் பிளாஸ்மா ஒரு மெல்லிய படலமாக நின்று வழுக்கிக் கொடுக்கிறது. அதாவது, குறுகிய குழாயில் போவதற்குக் குருதி தன்னையே அடுக்கி மாற்றிக்கொள்கிறது.

இன்னும் உள்ளே போனால் தந்துகி, குருதிக் குழாய்களிலேயே மிகச் சிறியது. அதன் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டமோ ஏறக்குறைய 8. பல இடங்களில் அணுவைவிடக் குழாய் ஒடுக்கம். அணு மடங்கி, நீண்டு, ஒற்றை வரிசையில் நுழைந்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அது மடங்க மறுத்தால் அந்த இடத்தில் சுற்றோட்டம் நின்றுபோகும்.

ஆய்வாளர் ஷூ சியன் 1970இல் வெளியிட்ட ஒப்பீட்டையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணக் குருதி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி செய்த சிவப்பணுக்கள், வேதிப்பொருளால் விறைக்கவைத்த சிவப்பணுக்கள் என்று மூன்றின் பாகுநிலையையும் ஒப்பிட்டார். மெதுவாக அசைத்தபோது, ஒட்டாத அணுக்களைவிடச் சாதாரணக் குருதி பல மடங்கு தடிப்பாக இருந்தது. காரணம், அணுக்கள் திரண்டு நின்றன. வேகமாக அசைத்தபோது அந்தத் திரள் கலைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. விறைத்த அணுக்கள் மட்டும் எந்த வேகத்திலும் இளகிக் கொடுக்கவில்லை. ஆறிப்போன கூழ் பாத்திரத்தில் கட்டியாக நிற்கும், கரண்டியால் நாலு கலக்குக் கலக்கினால் ஊற்ற வரும், அந்த மாதிரி குணம் குருதிக்கு இருக்கிறது. அது திரள்வதும் கலைவதும், மடங்குவதும் மீள்வதும்தான் இந்தத் துறையின் உயிர். பெயரில் அது வரவேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போது மற்ற இரண்டு பெயர்கள். பாய்மம், பாய்ம இயக்கவியல் என்பவை தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்டன. பாய்வியல் என்று எழுதினால் பொறியியல் படித்தவர் அந்தப் பக்கம்தான் போவார். அதோடு 'பாய்' என்பதில் ஒரு விசை இருக்கிறது. வெள்ளம் பாயும், மாடு பாயும். தந்துகியில் சிவப்பணு போவது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நடையில். அதைப் பாய்ச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒழுகியலை முன்வைத்த ஐயாவின் மடலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒழுகுதல் என்றால் ஓடுதல், நடந்துகொள்ளுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. ஓட்டத்தில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று படிக்கும் துறைக்கு இதைவிட நல்ல வேர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். உண்மையிலேயே அழகான யோசனை. வண்ணப்பூச்சுக்கும் களிமண்ணுக்கும் என்றால் நான் கை தூக்கியிருப்பேன். ஆனால் இன்று வீட்டில் ஒழுகுவது எது? கூரை ஒழுகும், குழாய் ஒழுகும், சளி பிடித்தால் மூக்கு ஒழுகும். 'ரத்தம் ஒழுகுது' என்றால் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஆஸ்பத்திரியில் ஒரு கதவில் 'குருதி ஒழுகியல் பிரிவு' என்று பலகை மாட்டினால், வாசலில் நிற்பவர் அது குருதிக்கசிவுக்கான இடம் என்றே எடுத்துக்கொள்வார். உடம்பைப் பற்றிய சொல்லில் இந்த மயக்கம் கூடாது.

ஆகவே நான் முன்வைப்பது நெகிழோட்டம். நெகிழ், ஓட்டம் என்ற இரண்டும் ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகையாகச் சேர்கின்றன. நெகிழ்ந்த ஓட்டம், நெகிழ்கின்ற ஓட்டம், நெகிழும் ஓட்டம் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். துறை நெகிழோட்டவியல். குருதிக்குரியது குருதி நெகிழோட்டவியல். அளக்கும் கருவி நெகிழோட்டமானி. சிவப்பணுவின் மடங்கும் திறனுக்கு நெகிழ்திறன் என்று அதே வேரிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. நீட்டிக்கவும் இடம் இருக்கிறது, அதுவும் தேவை. ரெய்க்யவிக் மாநாட்டில் அமைந்த இந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கம் முதலில் குருதியை மட்டும்தான் பெயரில் வைத்திருந்தது. 1969இல் உயிர்ப்பொருள் அனைத்துக்கும் பொதுவாகத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதை உயிர்நெகிழோட்டவியல் என்று சிக்கலில்லாமல் சொல்லலாம்.

'நெகிழி என்றால் பிளாஸ்டிக் அல்லவா, குழப்பாதா?' என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். நெகிழி வந்தது நேற்று. வளை நெகிழும், பிடி நெகிழும், முடிச்சு நெகிழும், மனம் நெகிழும் என்று அந்த வினை நம்மிடம் வெகுகாலமாகப் புழங்குகிறது. இறுகியிருந்தது தளர்வது என்பதே எல்லாவற்றிலும் அடிப்பொருள். குருதியில் நடப்பதும் அதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் முடித்துவிடுவோம். ஓட்டம் மெதுவாகும்போது சிவப்பணுக்கள் தட்டையான முகத்தோடு முகம் ஒட்டி வரிசையாக அடுக்கிக்கொள்ளும். இந்த அடுக்குக்கு 'ரூலோ' என்று பெயர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருட்டி அடுக்கிய நாணயக் கட்டு என்ற பொருளும் உண்டு. தமிழில் காசடுக்கு என்றே வைக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் நாள் தவறாமல் இதைப் பார்க்கிறோம். சிட்ரேட் கலந்த குருதியை, 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஆடாமல் செங்குத்தாகத் தாங்கியில் நிறுத்துகிறோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு, கீழே சிவப்பு. அந்த எல்லை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதோ அதுதான் சீட்டில் ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) என்று வருவது. உடம்பில் அழற்சி இருந்தால் குருதியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும், காசடுக்கு நீளும், நீண்ட அடுக்கு சீக்கிரம் இறங்கும். இந்தச் சோதனைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அதே ஃபோரேயஸ். ரெய்க்யவிக்கில் பாய்சொய் பெயரிலான தங்கப்பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. கட்டுரையில் இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். மாநாடு எங்கோ நடந்தது என்ற எண்ணம் போய், கையில் இருக்கும் சோதனைச் சீட்டோடு வாசகர் அதைச் சேர்த்துப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. காசடுக்கு உருவாவதைத் திரளல் என்றே சொல்ல வேண்டும். உறைதல், கட்டுதல் என்று எழுதிவிடக் கூடாது. உறைந்தது ஓட்டம் வேகமெடுத்ததும் கலைந்துவிடாது. திரண்டது ஓட்டம் வேகமெடுத்தால் கலைந்துவிடும்.

அப்புறம் 'மைக்ரோசர்குலேஷன்'. நுண்சுற்றோட்டம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். சிக்கல் அதன் உறுப்புகளின் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாளம் என்றால் பொதுவாகக் குருதிக் குழாய். தமனியும் நாளம்தான், சிரையும் நாளம்தான். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. ஆகவே 'நுண்நாளம்' என்று சென்னையில் எழுதினால், யாழ்ப்பாணத்து நண்பர் அதைச் சிறிய சிரை என்று படிப்பார். மருத்துவத்தில் இது சின்னப் பிழை இல்லை. நுண்நாளம் என்ற சொல்லையே இந்தக் கட்டுரையில் தவிர்க்கலாம். உள்ளே போகும் சிறு குழாய் நுண்தமனி, வெளியே வருவது நுண்சிரை, இடையில் இருப்பது தந்துகி. முதல் முறை வரும்போது மட்டும் 'தந்துகி எனப்படும் மயிர்க்குழாய்' என்று எழுதினால் இரு கரையிலும் புரியும். இரத்தமா குருதியா என்பதில் நான் குருதி பக்கம். கூட்டுச்சொல்லில் அது சுளுவாக ஒட்டுகிறது, இலங்கையிலும் அதுவே வழக்கம்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க அதை ஒரு பத்தியில் ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். நமக்கு நெருக்கமான ஒன்றையே எடுத்தேன்:

'1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாளணுப் பண்பு இருப்பது பதிவானது. இந்தியாவில் அதைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. அரிவாளணு நோய் உள்ளவர்களின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இழந்ததும், நீண்ட இழைகளாகக் கோத்துக்கொள்கிறது. சிவப்பணு விறைத்து, நெகிழ்திறனை இழந்து, அரிவாள் வடிவத்துக்கு மாறுகிறது. இதயம் நன்றாகவே தள்ளுகிறது, பெரிய தமனிகளில் அடைப்பில்லை. குருதியோட்டவியலின் கணக்குப்படி குறை ஒன்றும் தெரியாமல் போகலாம். குறை நெகிழோட்டத்தில் இருக்கிறது. விறைத்த அணுக்கள் நுண்சுற்றோட்டத்தில் சிக்கிக்கொள்ள, அதற்கு அப்பால் உள்ள திசு பட்டினி கிடக்கிறது. எலும்பிலும் மார்பிலும் நோயாளி துடிக்கும் வலி அங்கிருந்து வருகிறது.'

'குருதியோட்டவியலின் கணக்குப்படி குறை ஒன்றும் தெரியாமல் போகலாம். குறை நெகிழோட்டத்தில் இருக்கிறது' என்ற இடத்தைப் பாருங்கள். இரண்டு துறைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால் இதை எழுதவே முடியாது. நீலகிரியில் வேலை பார்க்கும் செவிலியரிடமோ, வலியோடு வரும் பிள்ளையின் அம்மாவிடமோ 'ரத்தம் ஓடுகிறது, ஆனால் நெகிழவில்லை' என்று சொன்னால் விளங்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

கட்டுரை எழுதும் நண்பருக்கு: தலைப்பில் 'முதல் பன்னாட்டுக் குருதி நெகிழோட்டவியல் மாநாடு, ரெய்க்யவிக், 1966' என்று போடலாம். ஹீமோரியாலஜி என்ற ஒலிபெயர்ப்பை முதல் பத்தியில் ஒரே ஒரு தடவை காட்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பாகுநிலை, பாகுத்தன்மை, பிசுக்குமை ஆகியவற்றில் எதை வைப்பது என்பதைத் தனி இழையில் பேசுவோம். அதற்கு இயற்பியல் ஆசிரியர்கள் வேண்டும். காசடுக்கு என்ற சொல்லுக்கு இலங்கையிலோ மலேசியாவிலோ ஏற்கெனவே வேறு பெயர் புழக்கத்தில் இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அது நன்றாக இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன். நெகிழோட்டத்தை மட்டும், இதைவிடப் பொருந்தும் சொல்லோடு யாராவது வரும்வரை, நான் விடுவதாக இல்லை.

அன்புடன்