பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை போனுக்குக் கொண்டுவருகிறேன்: அந்த 12 ஃப்ரேமை வைக்கவா, எடுக்கவா?

மணல்கடிகாரம்:
ஆறு மாதமாக ராத்திரி வேலையாக பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற பழைய கணினி ஆட்டத்தை, 1990-ல் பிசிக்கு வந்த டாஸ் பதிப்பை, போனில் ஓடும்படி புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். விற்பதற்கல்ல, என் ஆசைக்கு. படமும் ஒலியும் ஓரளவு வழிக்கு வந்துவிட்டன. சிக்கியிருப்பது ஒரே இடத்தில்தான்.

பழைய ஆட்டம் விநாடிக்கு 12 டிக்கில் ஓடுகிறது, அதாவது விநாடிக்கு 12 தடவைதான் கணக்குப் போட்டுப் புதுப் படம் (ஃப்ரேம்) வரையும். இளவரசன் 83 மில்லிவிநாடிக்கு ஒரு தடவைதான் அசைவான். வாளை உருவிவிட்டால் அது 10 டிக்காகக் குறையும். போன் திரையோ விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 12-ஐ அப்படியே விட்டால் பார்க்கிறவர்கள் "போன் ஹேங் ஆகுதா?" என்கிறார்கள். சரி என்று 60-க்கு ஏற்றி, பொத்தானைத் தொட்ட கணமே குதிக்கிற மாதிரி மாற்றினேன். ஆடிப் பார்த்த என் அண்ணன் ரெண்டே நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது அவன் இல்லடா."

என்ன செய்யலாம்?

ஃப்ளாப்பிப்பெட்டி:
அண்ணன் பேச்சைக் கேளுங்கள்.

ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1985-ல் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நிலையாகப் பார்த்து வரைந்ததுதான் இளவரசனின் உடம்பு. அதனால்தான் அவனுக்கு எடை இருக்கிறது. ஓடுகிறவன் நிற்க வேண்டுமென்றால் காலைத் தேய்த்துத்தான் நிற்பான். குதிக்க ஆரம்பித்துவிட்டால் நடுவானில் மனசு மாற முடியாது. பள்ளத்தின் விளிம்புக்கு வந்த பிறகு குதிக்க நினைத்தால் செத்தீர்கள், அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு விளிம்புவரை அடி அடியாகப் போயிருக்கிறீர்களா? விளிம்புக்கு வந்ததும் இன்னொரு அடி வைக்கச் சொன்னால் உடனே விழமாட்டான். காலை நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவான். மறுபடியும் சொன்னால்தான் விழுவான். அந்த ஒரு துழாவலில் நம் கையும் கீபோர்டில் அப்படியே நிற்கும். தொட்டதும் துள்ளுகிற உடம்பில் இது எங்கே வரும்?

அறுபது:
ஃப்ளாப்பிப்பெட்டி அண்ணே, நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் 12 என்பது கலைஞன் யோசித்து வைத்த எண் மாதிரி பேசாதீர்கள். அசல் ஆட்டம் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதியது. அதன் பிராசஸர் வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். அதற்குமேல் அது இழுக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் 'அசல்' என்று கொண்டாடுகிற டாஸ் பதிப்பே ஒரு மறுஆக்கம். படங்களைப் புதிதாக வரைந்தார்கள், நிறத்தைக் கூட்டினார்கள். ஜப்பானியப் பதிப்பில் இளவரசனுக்குத் தலைப்பாகையே கட்டிவிட்டார்கள், பிறகு வந்த பல பதிப்புகளில் அதுவே நின்றது. ஒவ்வொரு மெஷினுக்குப் போகும்போதும் ஆட்டம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த பதிப்போடு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

ஃப்ளாப்பிப்பெட்டி:
தலைப்பாகை மாறினால் குதி மாறாது தம்பி.

மெஷினின் குறையை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். யாரும் திட்டம்போட்டு வைத்ததல்ல. வரைய வேண்டியது குறைந்ததும் பிராசஸருக்கு மூச்சு விட முடிந்தது, வேகம் தானாகக் கூடியது. நம் ஆட்டத்தில் இளவரசனுக்கு எதிரியாக வருகிற நிழல் மனிதனும் அப்படிப் பிறந்தவன்தான். புது எதிரிக்குப் படம் வைக்க நினைவகத்தில் இடமில்லை. இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதன்மேலேயே எக்ஸ்ஆர் (ரெண்டு படமும் ஒத்துப்போகிற புள்ளியை அழித்து, வேறுபடுவதை மட்டும் விடுகிற கணக்கு) போட்டார் மெக்னர், மினுமினுக்கிற ஒரு நிழல் கிடைத்தது. தாராளமாக இடம் இருந்திருந்தால் இன்னொரு சாதாரணக் காவலாளிதான் வந்திருப்பான்.

அறுபது:
ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எனக்குத்தான் சாட்சி. இன்று அதை எழுதுகிறவர்கள் யாரும் மெதுவான சிப்பைத் தேடிப் போவதில்லை. எத்தனை எதிரி மிச்சம் என்று எண்ணி, வேகத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டுகிறார்கள். குறையிலிருந்து பிறந்த நல்லதை எடுத்துக்கொண்டார்கள், குறையை விட்டுவிட்டார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்: எதை எடுப்பது, எதை விடுவது? 'எல்லாவற்றையும் அப்படியே வை' என்பது பதில் இல்லை.

நிலவறை:
நடுவில் நுழைகிறேன். பத்து வயது மகளுக்கு டாஸ் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். 12 ஃப்ரேம், பெரிய பெரிய புள்ளி, எதையும் அவள் கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது செத்தால் அந்த லெவலின் ஆரம்பத்துக்கே போவதில். கூடவே மொத்த ஆட்டத்தையும் 60 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற கெடு வேறு. "அம்மா, நான் தப்பு பண்ணிக் கத்துக்கவே விடமாட்டேங்குது" என்றாள். எனக்கு வாயில் பதில் வரவில்லை.

நீங்கள் ரெண்டு பேரும் ஃப்ரேமுக்காக அடித்துக்கொள்கிறீர்கள், புதிதாக ஆடுகிறவர்கள் ஓடிப்போவது வேறு வாசல் வழியாக.

அப்புறம், முதல் லெவல் முடிந்ததும் எழுத்து எழுதிய குப்பிகள் வருமே, கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அதைக் குடி என்று? அதையும் 'அசல்' என்று வைக்கப்போகிறீர்களா?

ஃப்ளாப்பிப்பெட்டி:
அதை எடுத்துவிடலாம் :) அது ஆட்டமே இல்லை, கள்ள நகலைத் தடுக்க வாசலில் நிற்கிற காவல்.

ஆனால் 60 நிமிடக் கெடுவைத் தொட விடமாட்டேன். முடியாதவர்களுக்கு அன்றைக்கே 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டி ஆட்டத்தைத் திறந்து ஏமாற்றி ஆடுகிற வழி இருந்தது. அது ரகசியமாக இருந்ததில்தான் அதன் மதிப்பு.

மறுஆக்கம் என்று கையை வைத்துக் கெடுத்த கதைகளையும் பார்த்தாயிற்று. 2020-ல் பிளிசார்ட் நிறுவனம் தன் பழைய ஆட்டத்தைப் புதுப்பித்து வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் என்று விட்டபோது என்ன ஆயிற்று? முன்கூட்டிக் காட்டிய காட்சிகள் வரவில்லை, பழைய ஆட்டத்தை வைத்திருந்தவர்களின் மெஷினிலும் புதியதே வந்து உட்கார்ந்தது, கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அறுபது:
அதே நிறுவனம் 2017-ல் ஸ்டார்கிராஃப்டைப் புதுப்பித்ததை வசதியாக மறந்துவிட்டீர்களே! படத்தைக் கூர்மையாக்கினார்கள், ஒரே நேரத்தில் படையில் 12 பேரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்ற பழைய தொல்லையைக்கூட விட்டுவைத்தார்கள். அவர்களே 2021-ல் புதுப்பித்த டயப்லோ 2 ரெசரெக்டட்டில் அடியில் ஓடுவது பழைய ஆட்டம்தான், விநாடிக்கு அதே 25 ஃப்ரேம் கணக்கில். மேலே முப்பரிமாணத்தில் புதிதாக வரைகிறார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய படம் வந்து நிற்கும்.

மணல்கடிகாரம், உங்களுக்கும் இதுதான் வழி. கணக்கு 12-ல் ஓடட்டும், திரையில் 60-ல் இடைப்படங்களை வரையுங்கள்.

மட்டுறுத்துநர்:
ஒரு வார்த்தை. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆட்டங்களை உருவாக்கி வெளியிடும் உரிமை யூபிசாஃப்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. முடிந்த பிறகும் இங்கே தரவிறக்கச் சுட்டி போட வேண்டாம். 2016-ல் ஒரு ரசிகர் பல வருடம் உழைத்து நிண்டெண்டோவின் பழைய ஆட்டமான மெட்ராய்டு 2-ஐப் புதுப்பித்து வெளியிட்டார். சில நாளிலேயே நிண்டெண்டோ இறக்க வைத்தது. பேச்சு தொடரட்டும்.

மணல்கடிகாரம்:
சுட்டி எதுவும் வராது, உறுதி.

அறுபது சொன்னதை நேற்று ராத்திரியே செய்து பார்த்தேன். ரெண்டு நிலைக்கு நடுவே வரைய வேண்டுமென்றால் அடுத்த நிலை என்னவென்று முன்பே தெரிய வேண்டும். அதனால் திரை எப்போதும் ஒரு டிக் பின்தங்குகிறது. ஏற்கெனவே 83 மில்லிவிநாடி, அதற்குமேல் இன்னொரு 83. சண்டையில் எதிரியின் வெட்டைத் தடுக்கவே முடியவில்லை.

அறுபது:
பின்தங்க வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு செயலும் முன்பே எழுதிவைத்த வரிசை. குதிக்கத் தொடங்கியவனின் அடுத்த நிலை என்ன என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. மெக்னரின் அப்பா பழைய டிஸ்குகளைக் கண்டெடுத்து, 2012-ல் ஆப்பிள் 2 நிரல் முழுதும் பொதுவில் வந்ததே, அதில் பாருங்கள். செயல் பிரிகிற இடத்தில் மட்டும்தான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஃப்ளாப்பிப்பெட்டி:
இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இடைப்படங்களை யார் வரைவது? ரெண்டு படத்தைக் கலந்தால் கை கால் எல்லாம் கூழாகும். இளவரசன் பனியில் வழுக்குகிற மாதிரி ஓடுவான்.

மணல்கடிகாரம்:
கூழ்தான். பார்த்தேன். திரும்பும்போது ஒரு ஃப்ரேமில் அவனுக்கு ரெண்டு மூக்கு.

அதனால் இளவரசனை 12-லேயே விட்டுவிட்டேன். தீப்பந்தத்தையும் இரும்புக் கதவையும் மட்டும் 60-ல் வைத்திருக்கிறேன், போன் ஹேங் ஆகவில்லை என்றாவது தெரியட்டும்.

ஃப்ளாப்பிப்பெட்டி:
சுற்றிலும் எல்லாம் வழவழவென்று அசைய, அவன் மட்டும் வெட்டி வெட்டி நடந்தால் பொம்மலாட்டம் மாதிரி இருக்காதா?

மணல்கடிகாரம்:
இருக்கிறது அண்ணே. நீங்கள் சொன்னபிறகு அது மட்டும்தான் கண்ணில் படுகிறது. தீப்பந்தத்தையும் 12-க்கு இறக்கிவிட்டேன்.

அறுபது:
அடப்பாவிகளா.

நிலவறை:
சரி, ஷிஃப்ட்? விழும்போது அதை அழுத்திப் பிடித்தால்தானே விளிம்பைப் பற்றுவான். கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. அந்த அவசரத்தில் பொத்தானை எங்கே என்று தேடுவது?

மணல்கடிகாரம்:
இப்போதைக்குத் திரையின் இடது பாதி முழுவதுமே ஷிஃப்ட். எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்வான். செத்தால் அறையின் வாசலிலேயே எழுகிற இன்னொரு முறையும் போட்டிருக்கிறேன், கெடு இல்லாமல். ஃப்ளாப்பிப்பெட்டி அண்ணன் அந்த மெனுவைத் திறக்க வேண்டாம். மகள் ஆடும்போது இடது கட்டைவிரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.